‘மலபார்’ என்னும் பெயரும் யாழ்ப்பாணத் தமிழரும்

சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் பெட்டகத்திலிருந்த பழைய ஆங்கில நூல் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனந்து என்பார் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை வரலாறு அது. எல்லாளனைப் பற்றிய பக்கத்தை விரித்துக்காட்டி, “ஐயா, எல்லாளன் மலையாளத்தானா? இந்நூல் அவனை மலபார் என்றல்லவா கூறுகின்றது?” என்று வினவினான். வகுப்பிலிருந்தோர் நகைத்தனர். ஆயினும் அவ்வினா நகைப்புக்குரியதன்று. மாணவன் எழுத்தைப் பிழையாக வாசித்தானல்லன். அச்சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளைக்கொண்டு நூறாண்டுக்கு முற்பட்ட வாக்கியம் ஒன்றை அளந்தான். அவ்வளவே. அவனைப்போலவே அளந்து, அதன்மேல் வரலாற்று முடிபுகளையும் கட்டியெழுப்பியோர் கற்றோரிடையும் உளர்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியர் நம்மை ‘மலபார்’ என்றே அழைத்து வந்தனர். நம்மவர் தம் மொழியில் தம்மை ஒருகாலும் அவ்வாறு அழைத்ததில்லை. இன்று ஆங்கிலத்தில் அச்சொல் தமிழரைக் குறிப்பதில்லை. அப்பொருள் வழக்கொழிந்து போயிற்று. ஆனால் பழைய நூல்களிலும், ஒல்லாந்தர் ஏடுகளிலும், நம் நிலபுலன்களை ஆளும் சட்டத்தின் வரலாற்றிலும் அது நிலைபெற்றுள்ளது. ஆதலின் அச்சொல் எங்குப் பிறந்தது, நம்மேல் எவ்வாறு வந்து படிந்தது, எவ்வெப் பொருள்களைக் காட்டிப் பின் மறைந்தது என்பவற்றை ஆராய்தல் வெறும் சொல்லாராய்ச்சியன்று. வரலாற்றைச் செவ்வையாகப் படித்தற்கு அது வேண்டப்படுவதொன்றாம்.

சொல்லின் பிறப்பை முதற்கண் நோக்குவோம். ‘மலை’ என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். ஆறாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதிய கொஸ்மஸ் என்னும் வணிகர், மிளகு விளையும் மேற்குக் கரையை ‘மலே’ என்றே குறித்தனர். பின்னர் அராபியரும் பாரசீகரும் அக்கரைக்கு வணிகம் செய்ய வந்தபொழுது, நாடு அல்லது கரை எனப் பொருள்படும் ‘பார்’ என்னும் ஈற்றைச் சேர்த்து வழங்கினர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்ரீசி என்னும் அராபியப் புவிநூலாரின் எழுத்தில் இவ்வீறு காணப்படுகின்றது. எனவே மலைநாடு என்பதே மலபார் என்பதன் பொருளாம். நன்னூலார் வகுத்த முறையிற் கூறின், மேற்குக் கரைக்கு இது காரணப்பெயர். மலை உண்மையின் மலைநாடாயிற்று. ஆனால் மலையென்று சுட்டிக் காட்டுதற்கு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்து மணலிலும் செம்மண்ணிலும் வாழ்வோர்க்கு அது காரணமற்ற வெறும் இடுகுறியாகவே வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த வகை யாது? வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டை அடைந்தபின், போர்த்துக்கேயர் முதன்முதலிற் பழகிய இந்திய மக்கள் மேற்குக் கரையினரே. அராபியரிடமிருந்து தாம் கேட்டறிந்த பெயரை அக்கரையின் மக்களுக்கும் அவர்தம் மொழிக்கும் சூட்டினர். இஃது இடவாகுபெயரின்பாற் படும். பின்னர்க் குமரிமுனையைச் சுற்றிக் கிழக்குக் கரையை அடைந்தபொழுது, ஆங்கு வழங்கிய தமிழ் தாம் முன்பு கேட்ட மொழியோடு நெருங்கிய உறவுடையதாகத் தோன்றவே, அதனையும் அப்பெயராலேயே அழைத்தனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்ட்வெல் ஐயர் தந்த விளக்கம் இதுவே. ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டிற் பேரகராதி வெளியிட்ட யூல், பேணல் என்போரும் இதனையே ஏற்றுக்கொண்டனர்.

இம்மயக்கத்துக்குப் பழைமையான சான்று அச்சேறிய முதல் தமிழ் நூல்களிலேயே உண்டு. பாதிரியார் என்றிக்கே என்றிக்கசு மொழிபெயர்த்து 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலின் போர்த்துக்கேய முகப்பு, நூலின் மொழியை ‘மலவார்’ என்றும் ‘தமுல்’ என்றும் இரு பெயரையும் அடுக்கிக் கூறுகின்றது. மலவார் என்றால் மட்டும் ஐயம் நேருமென்று கருதித் தமுல் என்பதையும் உடன் சேர்த்தனர் போலும். ஆகவே, நம்மொழியின் மெய்ப்பெயரை ஐரோப்பியர் அறியாதிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அறிந்தோர் அறிந்திருந்தனர், பழகிய பெயரோ எளிதில் விட்டுப் போகவில்லை.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். ஆட்சி மாறியும் பெயர் மாறவில்லை. ஒல்லாந்தருடன் வந்து யாழ்ப்பாணத்திற் சமயப் பணியாற்றிய பிலிப்பு பால்தேயு என்பார் 1672ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலுள்ள மலபார், சோழமண்டலம், இலங்கை என்னும் மூன்றனுள் மலபார் என்பது மேற்குக் கரையைக் குறிக்கும். அந்நூலினுள்ளே மலபார் மொழி என்று அவர் அறிமுகஞ் செய்வதோ நம்முடைய தமிழை. ஒரே நூலில் ஒரே சொல் இரு பொருளில் நிற்கின்றது. கண்டி மன்னனின் சிறையில் ஏறத்தாழ இருபதாண்டு கழித்து 1679ஆம் ஆண்டில் தப்பியோடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரும், தாம் அநுராதபுரத்தை அடைந்தபொழுது அங்கிருந்தோர் சிங்களம் அறியாத மலபார் மக்கள் என எழுதினார். அவர் கண்டது தமிழரையேயன்றி மலையாளத்தாரையன்று. 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவர் நூலை இங்கிலாந்திற் பலர் விரும்பிப் படித்தனர். அச்சொல் அங்குப் பரவுதற்கு அந்நூலும் ஒரு காரணமாயிற்று.

தரங்கம்பாடியிற் பணியாற்றிய சீகன்பால்கு ஐயரின் செயலும் ஈண்டு நோக்கத்தக்கது. அவர் தமிழ்மக்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியபொழுது ‘மலபாரியர்’ என்றே குறித்தார். ஆனால் 1716ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட இலக்கண நூலுக்கோ ‘தமுலிக்கா’ என்னும் பெயரையே சூட்டினார். ஊரார்க்கு எழுதும்பொழுது ஊர்வழக்கு. கற்றோர்க்கு எழுதும்பொழுது மெய்ப்பெயர். 1779ஆம் ஆண்டிற் சென்னை வேப்பேரியிற் பப்பிரிசியு ஐயர் வெளியிட்ட அகராதி தலைப்பில் ‘மலபார் ஆங்கில அகராதி’ என நிற்க, அதன் முகப்போ ஐரோப்பியர் பொதுவாக மலபார் எனக் கூறும் தமிழ்மொழி என்று விளக்கமும் தருகின்றது. நூலின் பெயரை அதன் முகப்பே திருத்தவேண்டிய நிலை வந்துவிட்டது.

இனி, ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றியபின் இச்சொல் எவ்வாறு பல பொருள்களாகப் பிரிந்தது என்பதை நோக்குவோம். 1799ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிளெக்கோண் என்னும் அதிகாரி எழுதிய அறிக்கை, இத்தீவை இரண்டு மக்களினத்தார் பண்டைக்காலந் தொட்டுப் பகிர்ந்து வாழ்கின்றனர் என்றும், அவருள் மலபார் மக்கள் வடக்கையும் கிழக்கையும் உடையர் என்றும் கூறுகின்றது. அரசியல் வாதங்களிற் பலகாலும் எடுத்துக்காட்டப்படும் அறிக்கை இது. இங்கே மலபார் என்பது இந்நாட்டின் பழங்குடிகளாகிய நம்மைக் குறிக்கின்றது. பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட கண்டி ஒப்பந்தத்திலோ, கண்டி மாகாணங்களின்மேல் மலபார் இனத்தார்க்குள்ள ஆட்சியுரிமை யாவும் ஒழிக்கப்பட்டதாக ஓர் உறுப்பு வருகின்றது. அங்கே அச்சொல் குறிப்பது 1739ஆம் ஆண்டு முதற் கண்டியில் அரசாண்ட நாயக்க மரபினரை. அவரோ தெலுங்கு வழியினர். மதுரையிலிருந்து மணவுறவால் வந்தவர். அம்மன்னரின் உறவினர் குடியிருந்த கண்டி வீதி இன்றும் மலபார் வீதி என்றே வழங்குகின்றது. ஒரே அரசாங்கம் ஒரு தலைமுறைக்குள் ஒரே சொல்லால் ஓரிடத்திற் பழங்குடிகளையும், மற்றோரிடத்தில் வெளியேற்றத்தக்க வேற்றவரையும் சுட்டியது. அச்சொல்லின் பொருள் அது நிற்கும் பத்திரத்தைப் பொறுத்ததேயன்றிச் சொல்லிலேயே உள்ளதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மூன்றாவது பொருள் மலைநாட்டில் எழுந்தது. 1830ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்காக வந்தனர். வழிநடையிற் பசியாலும் பிணியாலும் மாண்டோர் பலர். தோட்டத்துரைமாரின் எழுத்துக்களில் இவர்கள் ‘மலபார் கூலிகள்’ எனப்பட்டனர். ஒரு பெயரோடு ‘கூலி’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டால், அப்பெயரும் இழிவு கலந்த பெயராய்விடுகின்றது. உழைப்பவனுக்கு அதனால் இழிவில்லை; அவ்வாறு கூறியோரின் மனப்பாங்கிற்கே இழிவு. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கற்றோர் அப்பெயரை விட்டு விலகியதற்கு இவ்விழிவைத் தாமும் ஏற்க விரும்பாமை ஒரு காரணமாயிருத்தல் கூடும் என்பதையும் நாம் மறைத்தலாகாது. பின்னர் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வேறுவேறாகக் கணக்கெடுக்கத் தொடங்கியபொழுது, பழைய ஒரு பெயருக்குள் அடங்கியிருந்த இருசாராரும் இரு நிரல்களிற் பிரிந்து நின்றனர்.

இவ்வளவு நாள் நிலைத்த சொல் வழக்கொழிந்ததற்குக் காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது ஆட்சி பற்றியது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் உண்மையான மலபார் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அது சென்னை அரசாங்கத்தின் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. அங்கே வழங்கும் மொழி மலையாளம். அப்படியிருக்கத் தஞ்சாவூரின் மொழியையும் மலபார் என்று எழுதினால் அலுவலகங்களிற் குழப்பமே மிஞ்சும். இரண்டாவது மொழிநூல் பற்றியது. தெலுங்கை ஆங்கிலேயர் ‘ஜெந்தூ’ என்று அழைத்து வந்தனர். அதுவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லே. 1816ஆம் ஆண்டிற் காம்பெல் என்பார் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிசு துரை எழுதிய முன்னுரை, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன வடமொழியின் வழி வந்தன அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என நிறுவியது. ஒவ்வொரு மொழியையும் அதன் சொந்தப் பெயரால் அழைத்தாலன்றி அவ்வுண்மையை எடுத்துக்கூறல் இயலாது. அதனால் மலபாரும் ஜெந்தூவும் ஒன்றன்பின் ஒன்றாக அறிஞர் ஏட்டைவிட்டு நீங்கின.

மூன்றாவது காரணம் நம் குடாநாட்டுக்குப் பெருமை தருவது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இங்குள்ள புலவர்களிடம் தமிழ் கற்றனர். கற்பித்தோர் தம்மொழியைத் தமிழ் என்றே கூறுவர். கற்றோரும் அவ்வாறே எழுதினர். 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ தோன்றியது. 1842ஆம் ஆண்டிற் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால் ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் நைற் ஐயர் தொடங்கிய தொகுப்பின்மேல் எழுந்து, 1862ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறிய வின்சிலோ ஐயரின் பேரகராதியோ 67,000க்கு மேற்பட்ட சொற்களைத் தன்னகத்தே உடையது. அதன் பெயர் தமிழ் ஆங்கில அகராதி. பப்பிரிசியு ஐயரின் முகப்பில் விளக்கமாக ஒடுங்கிக் கிடந்த பெயர், எண்பத்து மூன்று ஆண்டுகளில் தலைப்புக்கு ஏறிவிட்டது. சைமன் காசிச்செட்டி அவர்கள் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட ஆங்கில நூலும் ‘தமிழ் புளூட்டாக்’ என்றே பெயர் பெற்றது. தெனந்து துரையின் நூலும் அதே ஆண்டினது என்பதை நோக்குக. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆண்டில் இரு நூல்களில் எதிரெதிர் நின்றன.

அறிஞர் ஏட்டிலிருந்து நீங்கிய சொல் நீதிமன்றத்திலிருந்து எளிதில் நீங்கவில்லை. ஒல்லாந்த ஆள்பதி சீமன்சு அவர்களின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்பார் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டிற் சமர்ப்பித்தார். தமிழிற் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலிமார் ஆராய்ந்து ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு வழங்கியபொழுது, யாழ்ப்பாண மாகாணத்தில் வதியும் மலபார் மக்களின் வழக்கங்கள் என்று அதனைக் குறித்தனர். இங்ஙனம் ஒரு மாலுமியின் மயக்கத்திற் பிறந்த பெயர், நம்முடைய முதுசத்துக்கும் சீதனத்துக்கும் தேடியதேட்டத்துக்கும் வாயிற்காவலாய் நின்றது.

அதனால் விளைவது யாதெனின், ஒருவன் அச்சொல்லுக்குள் அடங்குவானா அடங்கானா என்பதைப் பொறுத்து அவன் காணியின் கதி மாறும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதன நிலத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உட்படாதவளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. பங்காளி ஒருவர் தம் பங்கை விற்குமிடத்து ஏனைய பங்காளிகளுக்குள்ள முற்கொள்வனவுரிமையும் இதனையே பற்றி நிற்கும். ஆகவே ‘மலபார் குடிகள்’ யாவர் என்னும் வினா வழக்கு மன்றங்களிற் பலமுறை எழுந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ‘தமிழர்’ என்றே எழுதியது. 1913ஆம் ஆண்டில் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் என்னும் வழக்கில், தேசவழமை ஓர் இனம் முழுவதற்கோ ஒரு சமயத்தார்க்கோ உரிய வழக்கமன்று, ஓரிடத்து வழக்கம், அவ்விடத்தைத் தம் வதிவிடமாகக் கொண்ட இலங்கைத் தமிழர்க்கே அது உரியது என உயர்நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இத்தீர்ப்பின்வழி நோக்கின் ஒரு வேடிக்கை தோன்றும். கோழிக்கோட்டிற் பிறந்து இங்கு வணிகஞ் செய்யும் மலையாளத்தார் ஒருவர் இச்சட்டம் கூறும் மலபார் ஆகார். மலபாரைக் கண்ணாலும் கண்டறியாத வடமராட்சிக் கமக்காரர் மலபார் ஆவர்! சைவரோ கிறித்தவரோ என்ற வேறுபாடும் அங்கில்லை. தேசவழமை இன்றும் நடைமுறையில் உள்ளது. அதனைக் கற்கும் சட்ட மாணாக்கர் இச்சொல்லைக் கடந்தே உட்செல்லவேண்டும்.

இனி, முதலிற் குறித்த வரலாற்று முடிபு பற்றிக் கூறுவோம். யாழ்ப்பாணத்தார் கேரளத்திலிருந்து குடியேறினர் என்று வாதிப்போருட் சிலர், ஒல்லாந்தர் நம்மை மலபார் என எழுதியதையே ஒரு சான்றாகக் காட்டுவர். அது சான்றாகாது. ஏனெனில், ஒல்லாந்தர் நாகபட்டினத்தாரையும் அப்பெயராலேயே குறித்தனர். தரங்கம்பாடியில் இருந்தோர் தஞ்சாவூராரையும் அவ்வாறே எழுதினர். எல்லார்க்கும் இட்ட பெயர் ஒருவர்க்குரிய பிறப்பைக் காட்டாது. இவ்வாறு கூறுதலால், கேரளத்தோடு நமக்குத் தொடர்பே இல்லை என்பது எம் கருத்தன்று. தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் செல்லும் பழைய முறையை ஆராய்ந்தோர், அதனைக் கேரளத்து மருமக்கட்டாயத்தோடு ஒப்பிட்டுள்ளனர். யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றி விரிவான நூலெழுதிய எச். டபிள்யு. தம்பையா அவர்களும் இவ்வொப்புமையை ஆராய்ந்தவரே. அத்தகைய வாதம் வழக்கங்களை வழக்கங்களோடு ஒப்பிட்டு நிற்கவேண்டும். பெயரொற்றுமையைத் துணைக்கழைத்தால் வாதம் வலுப்பெறாது, வலுவிழக்கும்.

மறைந்த சொல் வேற்று மண்ணில் உயிரோடிருத்தலும் உண்டு. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும் தமிழரை மலபார் என்றே அழைத்தனர். அவர்கள் ஆட்சியிலுள்ள ரெயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்றோரின் வழித்தோன்றல்கள், அவருட் பெரும்பாலோர் தமிழ் வழியினர், இன்றும் ‘மல்பார்’ எனப்படுகின்றனர். தாமும் தம்மை அவ்வாறே கூறிக்கொள்கின்றனர். அண்மையிலுள்ள மொரிசியசிலோ அச்சொல் வடஇந்திய வழியினரையும் உட்படுத்தி நிற்பதோடு, வசைச்சொல்லாகவும் ஒலிக்கின்றது. பிரான்சிற் பேச்சுவழக்கில் ‘மலபார்’ என்றால் கட்டுடல் வாய்ந்த முரடன் என்று பொருள். பிறந்த நிலத்திலும் அதன் ஆட்சிப்பெயர் நிலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டிற் கேரள மாநிலம் அமைந்தபின், 1957ஆம் ஆண்டில் மலபார் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வடகேரளத்தைக் குறிக்கும் வழக்குப் பெயராக மட்டும் அது எஞ்சியுள்ளது.

எனவே, பழைய ஏடொன்றில் இச்சொல்லைக் காணும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. எழுதியவன் யார்? எந்த ஆண்டில் எழுதினான்? யாரைக் கண்முன் வைத்து எழுதினான்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின்னரே அதன் பொருளைத் துணிதல் வேண்டும். பிறரிட்ட பெயர் நம் பிறப்பைக் கூறாது. இட்டவன் எந்த வாயிலால் நம்மிடம் வந்தான் என்பதையே கூறும்.

அன்று அம்மாணவனுக்கு இவ்வளவும் கூற நேரமிருக்கவில்லை, மணி அடித்துவிட்டது. மறுநாள் தெனந்து துரையின் நூலில் அச்சொல் வரும் இடங்களையெல்லாம் அவன் ஒரு கொப்பியில் எழுதிக் கொணர்ந்தான். ஒவ்வொன்றின் எதிரேயும் அது யாரைச் சுட்டுகின்றதெனக் குறிக்கும்படி கூறினேன். இரு கிழமைகளின்பின் அக்கொப்பியைப் பார்த்தபொழுது, சிலவற்றின் எதிரே ‘தமிழர்’ என்றும், சிலவற்றின் எதிரே ‘நாயக்கர்’ என்றும், இரண்டோர் இடங்களில் ‘தெரியவில்லை’ என்றும் எழுதியிருந்தான். எல்லாளனின் எதிரே எழுதியிருந்தது ‘தமிழன்’ என்பது. தெரியவில்லை என்று எழுதிய இடங்களுக்கே யான் கூடுதலான புள்ளி வழங்கினேன்.